நேர்மையாக நடந்தால்தான் தேவனிடம் சேர முடியுமா?

கேள்வி: கல்மண்டபத்தான்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு, மண்ணடியில் இரும்புச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் ஜெபக்கூட்டத்தில் சென்ற வாரம் வேதத்திலுள்ள 15-ஆம் சங்கீதத்தைத் தியானித்தோம். கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்கும் அந்தச் சங்கீதம், பலியையோ உபவாசத்தையோ பதிலாகச் சொல்லாமல், நாவினால் புறங்கூறாதிருத்தல், நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல் தவறாதிருத்தல், பரிதானம் (லஞ்சம்) வாங்காதிருத்தல் என்று அன்றாடக் காரியங்களையே அடுக்குகிறது. மூப்பர் ஒருவர், “இதைக் கிறிஸ்துவைத் தவிர யாரும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை; ஆகையால் நமக்குக் கிருபை ஒன்றே வழி” என்றார். ஒரு அம்மா உடனே, “கிருபையைச் சொல்லிச் சொல்லியே கடையிலும் அலுவலகத்திலும் நாம் எப்படியும் நடக்கலாம் என்றாகிவிட்டது” என்று வருத்தத்தோடு சொன்னார். நேரமாகிவிட்டதால் முடிவு ஜெபத்தோடு கலைந்தோம்.

எனக்கு இது வெறும் வேதபாட விவாதம் அல்ல. சரக்கு எதுவும் போகாமலே சிலருக்கு ஜிஎஸ்டி பில் மட்டும் போட்டுத் தரும்படி முதலாளி கேட்கிறார். நான் இதுவரை அதில் கை வைக்கவில்லை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். என் தங்கையின் கல்யாணத்தின்போது கேட்காமலே கைகொடுத்தவர். வற்புறுத்தலுக்கு இணங்கி அதைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் பங்கெடுத்தால், தேவன் என்னைவிட்டுத் தூரமாகிவிடுவாரா? அல்லது, நேர்மை ஒரு பக்கம், தேவனோடுள்ள உறவு ஒரு பக்கம் என்று நினைக்க வேதத்தில் இடம் உண்டா?

பதில் 1: பழைய வண்ணை

சகோதரரே, மூப்பர் சொன்னதும் சரி, அந்த அம்மா சொன்னதும் சரி. இருவரும் எபிரெயர் 10-ஆம் அதிகாரத்தை 19-ஆம் வசனத்திலிருந்து 22-ஆம் வசனம் வரை சேர்ந்து வாசித்திருந்தால் வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்கும் தைரியம் இயேசுவின் இரத்தத்தினால் நமக்குக் கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆகையால் உண்மையுள்ள இருதயத்தோடு சேரக்கடவோம் என்கிறார் நிருபத்தை எழுதியவர். வாசலைத் திறந்தது நம்முடைய நேர்மை அல்ல. ஆனால் திறந்த வாசலுக்குள் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு நுழைய முடியாது. தேவனிடத்தில் சேருங்கள், அவர் உங்களிடத்தில் சேருவார் என்ற யாக்கோபு 4:8-ஐச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். கைகளைச் சுத்திகரியுங்கள் என்பது அதே வசனத்தில் அடுத்து வரும் கட்டளை என்பதைப் பல காலண்டர்கள் அச்சடிப்பதே இல்லை.

தேவன் தூரமாகிவிடுவாரா என்று கேட்டீர்கள். அவர் விலகுவதைவிட நாம் ஒளிந்துகொள்வதுதான் முதலில் நடக்கிறது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமைத் தேடி வந்தவர் அவர். மரங்களுக்குள்ளே மறைந்துகொண்டவன் மனுஷன். பொய்யான பில் ஒன்றில் கையெழுத்திட்ட இரவில் நீங்கள் ஜெபிக்காமல் இருக்கமாட்டீர்கள். ஆனால் அந்த ஒரு காரியத்தைத் தொடாமல், அதைச் சுற்றிச் சுற்றியே ஜெபிப்பீர்கள். வெகுநாள் அப்படி ஜெபித்தால் ஜெபமே வெறும் வார்த்தையாகிவிடும்.

பதில் 2: காசிமேட்டு மகள்

அண்ணா, நான் வேதம் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. என் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைப் பக்கம் விற்றவர். எடை போடும்போது தட்டின் எடையைக் கழிக்காமல் விட்டாலும், ஐஸ் தண்ணீர் வடியாத மீனை அப்படியே வைத்தாலும், வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அம்மா காலித் தட்டை முதலில் வைத்து, எண் பூஜ்யத்துக்கு வந்ததை வாங்குகிறவர் கண்ணால் பார்த்த பிறகுதான் மீனைப் போடுவார். தண்ணீர் வடியும்வரை கையிலேயே தூக்கிப் பிடித்திருப்பார். ஐப்பசி மழையில் வியாபாரம் படுத்த நாட்களிலும் இதை மாற்றவில்லை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழிகள் 11:1 அவருக்கு மனப்பாடம். தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். தண்ணீர் வடிகிறதா என்று யார் பார்ப்பார்கள் என்று நான் சிறுவயதில் கேட்டபோது, “ராத்திரி யார்கிட்ட பேசப்போறேனோ அவர் பார்ப்பார்” என்றார்.

சீட்டு விஷயத்திலும் அப்படித்தான். அம்மா பிடித்த ஏலச்சீட்டில் ஒருவர் சீட்டை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். மீதித் தவணைகளை அம்மா தம் கைப்பணத்திலிருந்து கட்டி, மற்றவர்களுக்குச் சேரவேண்டியதைச் சொன்ன தேதியில் கொடுத்தார். அதற்காக இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான் என்ற வரியை நான் அந்த வளையல்களை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இதனால் தேவன் அம்மாவை அதிகமாக நேசித்தார் என்று நான் சொல்லவில்லை. அம்மா ஜெபிக்கும்போது எதையும் மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்பதை மட்டும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பதில் 3: பெரம்பூர் யாத்ரீகன்

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கன், எங்கள் லூர்து அன்னை ஆலயத்தில் தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) நிற்கும் வரிசையில் இதே கேள்வி பலருடைய மனத்தில் இருக்கும். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த, எரிகோவின் வரிவசூலிப்பவரான சக்கேயுவைக் கவனியுங்கள். அவர் ஏமாற்றியதைத் திருப்பிக் கொடுத்த பிறகு இயேசு அவருடைய வீட்டுக்குப் போகவில்லை. மரத்திலிருந்து அவரை இறங்கச் சொல்லி, இன்று உமது வீட்டில் தங்க வேண்டும் என்று ஆண்டவரே முதலில் சொன்னார். அதன் பிறகே சக்கேயு எழுந்து நின்று, உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதற்கு நான்கு மடங்கை ஏமாந்தவர்களுக்கும் கொடுப்பதாக அறிவித்தார். லேவியர் 6-ஆம் அதிகாரம் முழுத்தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைத்தான் கூடுதலாகக் கேட்கிறது; அவர் அதைத் தாண்டிப் போனார்.

ஆகவே நெருக்கம் முந்தியது, நேர்மை அதைத் தொடர்ந்தது. ஆனால் தொடராமல் இருந்திருந்தால், அன்று அந்த வீட்டுக்கு வந்த மீட்பு என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். பாவமன்னிப்பு பாவத்தை நீக்கினாலும், அது விளைவித்த கேட்டை எல்லாம் தானாகச் சரிசெய்துவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி 1459-ஆம் எண்ணில் தெளிவாகப் போதிக்கிறது. உங்கள் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு: பொய்யான பில்லில் ஏமாறுகிறவர் எதிரில் நிற்பதில்லை. அந்த வரிப்பணம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகவேண்டிய பொதுப்பணம். யாருக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்று பிறகு தேடினால் முகமே கிடைக்காது. செய்வதற்கு முன்பே நின்றிருக்கிறீர்கள் என்பது பெரிய காரியம்.

பதில் 4: வரிக்கணக்கு

சட்டப் பக்கத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்புச் சாமான்களுக்குப் பொதுவாக 18 சதவீத வரி. சரக்கு போகாமல் 10 லட்சம் ரூபாய்க்குப் பில் போட்டால், வாங்குகிறவர் கட்டாத 1,80,000 ரூபாயை, ஏற்கெனவே கட்டிய உள்ளீட்டு வரி என்று காட்டி, தாம் கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்வார். ஜிஎஸ்டி சட்டத்தின் 122-ஆம் பிரிவில் பில் போட்டவருக்கு அபராதம் உண்டு. உடந்தையாக இருந்தவருக்கும் தனியாக 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். முதலாளியிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். இது அவரையும் காப்பாற்றும் பேச்சு.

கல்மண்டபத்தான்

எல்லோருக்கும் நன்றி. செய்யக்கூடாது என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு பயம் இருக்கிறது. இதை மறுத்துவிட்டால், நான் நேர்மையானவன் என்ற நினைப்பே நாளைக்கு என்னை, தன் நீதியைத் தானே மெச்சிக்கொள்ளும் பரிசேயனாக்கிவிடாதா?

பதில் 5: வேப்பேரி வாசகன்

நல்ல பயம் அது, விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை வேப்பேரியில் பல ஆண்டுகள் ஊழியம் செய்த பப்ரிசியுஸ் ஐயர் வேதத்தைத் தமிழில் பெயர்த்தவர், அகராதி தந்தவர், பக்தியில் யாரும் குறை சொல்லாதவர். அப்படிப்பட்டவர் முதிர்ந்த வயதில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறையிலும் இருந்து, 1791-ல் காலமானார். அவரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. உத்தமமான மனமுள்ளவரும் பிறருடைய பணத்தின் விஷயத்தில் வழுவ முடியும் என்பதால், நான் நேர்மையானவன் என்று யாரும் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. லூக்கா 18-ல் ஆலயத்தில் நின்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) தன் கணக்கைத் தேவனுக்கு முன்பாக மறைக்கவில்லை. பரிசேயனோ தன்னிடம் இருந்த நல்லதை மட்டும் வாசித்துக் காட்டினான். மறுத்த பிறகும், ‘தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்ற ஆயக்காரனுடைய ஜெபத்தையே தொடர்ந்து ஜெபியுங்கள்.

பழைய வண்ணை

முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல் அங்கே ராஜாவின் போஜனத்தை மறுத்தபோது சண்டை போடவில்லை. பொறுப்பாளருடைய பயத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, மரக்கறி உணவு கொடுத்து “பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாரும்” என்று வேறு ஒரு வழியை முன்வைத்தார். நீங்களும் அவர் செய்த உதவிக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். இந்த பில்களை என்னால் போட முடியாது என்பதை ஒரே வாக்கியத்தில், காரணத்தோடு சொல்லுங்கள். பிறகு வராக்கடன் வசூல், தேங்கிக் கிடக்கும் ஸ்டாக் என்று கடைக்கு உண்மையாகவே பணம் வரக்கூடிய வேலை எதையாவது நீங்களே எடுத்துச் செய்வதாகச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்காமல் போகவும் கூடும். அந்த நாளுக்காக வேறு வேலை இப்போதே தேடத் தொடங்குங்கள். அது அவிசுவாசம் அல்ல. எந்த நாளில் பேசப்போகிறீர்கள் என்று இங்கே எழுதினால், அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் உங்களுக்காக ஜெபிப்போம்.