லியூ சியாவ்டோங் ஓவியங்களை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். சீன ஓவியர் லியூ சியாவ்டோங் பற்றிச் சிற்றிதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறேன். 1963இல் லியாவ்னிங் மாகாணத்தின் ஜின்செங் என்ற ஆலை ஊரில் பிறந்தவர். பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் பயின்றவர். மனிதர்கள் வாழும் இடத்துக்கே கித்தானைக் கொண்டுபோய் எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். 2005இல் மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக இடிக்கப்பட்ட ஃபெங்ஜியே நகரில், பழைய மெத்தை மீது உள்ளாடையோடு சீட்டாடும் தொழிலாளர்களை ஐந்து கித்தான்களில் வரைந்தார். மொத்த அகலம் 10 மீட்டர்! உழைக்கும் உடலை இவ்வளவு மரியாதையோடு பார்த்த ஓவியர்கள் குறைவு என்பேன்.

கித்தான்கள் சேரும் இடங்களில் உருவங்கள் எப்படித் தொடர்கின்றன என்பது இணையப் படங்களில் சரியாகத் தெரியவில்லை. நேரில் பார்த்தவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள். அவருடைய கண்காட்சி நூல் வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.