தண்ணியோ கல்லோ, மேல வரணும்

லிங்கராஜபுரத்திலிருந்து:

படித்து வந்த விசுவாசம் பெரிதா, பட்டு வந்த விசுவாசம் பெரிதா என்று எங்கள் சபையில் அடிக்கடி பேச்சு வரும். நான் எந்தப் பக்கமும் கட்சி கட்டவில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

2014-இல் அஞ்சல்வழியில் இறையியல் படிக்க ஆரம்பித்தேன். பகலில் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் புத்தகம். நாலு வருஷம் அப்படிப் போனது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த வசனங்களுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று தூக்கம் வராமல் கிடந்த நாட்கள் அவை. 1 யோவான் 5:7-இல் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று நாம் வாசிக்கிறோமே, அந்த வாக்கியம் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த அறிஞர் எராஸ்மஸ்கூடத் தமது முதல் இரண்டு பதிப்புகளில் அதைப் போடவில்லை. 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். இதைப் படித்ததும் யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அடுத்த ஞாயிறே வாலிபர் வேதபாட வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளின் முகம் வாடியதைக்கூடப் பார்க்காமல் பதிப்பு, வருஷம், பிரதி என்று அடுக்கிக்கொண்டே போனேன். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யாருக்காகச் சொன்னாய் என்று கேட்டிருந்தால் மட்டும் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அந்த வாரம் புதன்கிழமை வீட்டு ஜெபம் ஓர் ஆயா வீட்டில். கேஜிஎஃப்காரர், அதாவது கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தை மூடினதும் மகனுக்கு இங்கே செக்யூரிட்டி வேலை கிடைத்து, குடும்பமே பெங்களூருக்கு வந்துவிட்டது. ஷீட் போட்ட ஒற்றை அறை. சுவரில் தேதிக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பழைய சுரங்கத் தொப்பி தொங்கியது. ஓரத்தில் நசுங்கியிருந்தது. அவர் வீட்டுக்காரர் சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். பத்தாயிரம் அடிக்கும் கீழே போகிற சுரங்கம் அது.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஜெபிக்கச் சொன்னபோது, "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று 130-ஆம் சங்கீதத்தை முழுசாகச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. முடிந்ததும் நான் விளக்கம் கொடுத்தேன். எபிரெயத்தில் அந்த "ஆழங்கள்" என்ற சொல் வேறு எங்கே வந்தாலும் தண்ணீரோடுதான் வருகிறது, ஆகவே சங்கீதக்காரன் கடலில் மூழ்குகிறவனைப் போலக் கூப்பிடுகிறான் என்றேன்.

ஆயா பொறுமையாகக் கேட்டார். "தண்ணியோ கல்லோ, உள்ள போனவன் மேல வரணும் தம்பி. அதுக்குத்தான் நான் அதைச் சொல்றது" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். உள்ளே ராக் பர்ஸ்ட் ஆனால், அதாவது அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால், மேலே தொழிலாளர் லைன் வீடுகள் குலுங்குமாம், பாத்திரம் உருளுமாம். பெண்கள் எல்லாரும் போட்டது போட்டபடி, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். "ஒரு தடவை ராத்திரி பூரா நின்னேன். கைல மூணு மாசக் குழந்தை. வேற ஜெபம் எதுவும் வாய்ல வரல. இந்தச் சங்கீதம் முடியும், மறுபடி முதல்ல இருந்து சொல்லுவேன். விடிஞ்சப்புறம்தான் கேஜ் மேல வந்துச்சு." அன்றைக்கு அவர் வீட்டுக்காரர் அந்தக் கூண்டில் ஏறி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை.

விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரை, அதாவது இராக்காவலரைப் பற்றி அந்தச் சங்கீதத்தில் ஒரு வசனம் உண்டு. அதைப் பற்றி நான் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். அந்த அம்மாள் அதற்குள்ளேயே நின்றிருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு இதே நினைப்புதான்.

அதற்காகப் புத்தகத்தை மூடிவிடவில்லை. மறுவாரம் போய், அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் "ஆரோகண சங்கீதம்" என்று இருக்கிறது ஆயா, ஆரோகணம் என்றால் மேலே ஏறுவது, பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் பாடியது என்று சொல்கிறார்கள் என்றேன். "மேல ஏறுறவங்க பாட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல யாரும் எனக்கு இதைச் சொல்லவே இல்லையே தம்பி."

மர்ஃபி டவுனிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, உங்க ஆயாவை நினைச்சு அழுதுட்டேன். ஆனா இருதயத்து விசுவாசத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எங்க வீட்ல அதைத்தான் பார்த்தோம்.

எங்க அம்மா மாதிரி ஜெபிக்கிறவங்களை நான் பார்த்ததில்லை. ஒரு சுகமளிக்கும் கூட்டத்துல, ஊசி போட்டுக்கிறது அவிசுவாசம்னு மேடையில இருந்து ஒருத்தர் சொல்லிட்டார். அம்மா மறுநாளே இன்சுலினை நிறுத்திட்டாங்க. ஒன்பதாவது நாள் சுகர் 412. கேட்டா, "வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்"னு மாற்கு 16-ஐச் சொல்றாங்க. நான் எங்கேயோ படிச்சிருந்தேன், அந்தக் கடைசிப் பன்னிரண்டு வசனம் சினாய், வத்திக்கான் பிரதிகள்ல இல்லைன்னு. ரெண்டும் நாலாம் நூற்றாண்டுப் பிரதிகள். கோபத்துல அதைச் சொல்லிட்டேன். "வேதத்தையே பொய்ங்கிறியா"ன்னு அம்மா என்கூடப் பேசுறதையே நிறுத்திட்டாங்க.

கடைசியா, எங்க ஊர்ப்பக்கத்து சபைப் போதகர் ஒருத்தர், ஐயர்னுதான் கூப்பிடுவோம், ஓய்வு பெற்றவர், வீட்டுக்கு வந்தார். கிரேக்கம் நல்லாத் தெரிஞ்சவர். டீ குடிச்சார், பேரப்பிள்ளைங்களை விசாரிச்சார். அப்புறம் அம்மாவோட பைபிளையே வாங்கி 2 தீமோத்தேயு 4:20-ஐ வாசிச்சார். "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." பவுலோட மேல பட்ட துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கினதுன்னு அப்போஸ்தலர் 19-ல இருக்கேம்மா, அப்படிப்பட்டவர் தன்கூட வந்த ஊழியரை வியாதியோட விட்டுட்டு வந்திருக்காரேன்னார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தலைன்னு ஒரு வார்த்தைகூட எழுதலையேன்னார்.

அம்மா ரொம்ப நேரம் பேசல. "பவுல் அவரைக் கடிஞ்சுக்கவே இல்லையா ஐயரே?"

"இல்லம்மா."

அம்மா எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாங்க. இன்சுலின் குப்பியை எடுத்து, எப்பவும் செய்ற மாதிரி ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு மெதுவா உருட்ட ஆரம்பிச்சாங்க. நான் சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு கிரேக்க வார்த்தை அன்னைக்கு ஐயர் வாயில இருந்து வரல. அத்தனை வருஷம் படிச்சிருக்கலைன்னா அந்த ஒரு வரி எங்கே கிடக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?

ஆர்.டி. நகரிலிருந்து:

எனக்கு இரண்டும் இல்லாமல் ஒரு காலம் இருந்தது. வேத விமரிசனம், அதாவது வேதப் புத்தகங்கள் எப்படி உருவாயின என்ற ஆராய்ச்சி, படிக்கப் போய் மனசு ஆடிப்போய், ஆறு மாசம் ஆராதனைக்கே போகவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9-இல் அந்தத் தகப்பன் சொன்னது மட்டும்தான் கையில் மிஞ்சியது. இன்னும் முழுசாகத் திரும்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சகோதரரே, அந்த ஆயா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

லிங்கராஜபுரத்திலிருந்து:

இருக்கிறார். கண் மங்கிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய் ஆரோகண சங்கீதங்களை வாசித்துக் காட்டுவேன். பதினைந்து இருக்கின்றன, 120-இலிருந்து 134 வரை. வாரத்துக்கு ஒன்றுதான், அதற்குமேல் ஆயா விடமாட்டார். கேள்வி கேட்பார்.

போன வாரம் 120-க்கே திரும்பி வந்தோம். மேசேக்கிலே சஞ்சரித்தது போதும், கேதாரின் கூடாரங்களண்டையில் குடியிருந்தது போதும் என்று அழுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மேசேக்கு எங்கே, கேதார் எங்கே என்று கேட்டார். ஒன்று வடக்கே வெகு தூரம், மற்றது அரேபியப் பாலைவனத்துப் பக்கம், ஒருவன் ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்க முடியாது, எங்கே இருந்தாலும் அந்நியன்தான் என்று சொல்கிறான் என்றேன்.

ஆயா சுவர்ப்பக்கம் கையை நீட்டித் தொப்பி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ அவனும் ஊரை விட்டு வந்தவன்தான். இன்னொரு தடவை வாசி தம்பி."