பழைய கோபுர வீட்டுக்கு ஏன் கூரை போடக் கூடாது?

ஊர்சுற்றி:
ஸ்காட்லாந்தில் த்ரீவ் கோட்டை பார்த்து வந்தேன். டீ ஆற்றுக்கு நடுவே தீவு, கரையில் இருக்கும் மணியை அடித்தால் படகு வருகிறது. ‘கடுகடுப்பு’ ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் 1369 வாக்கில் கட்ட ஆரம்பித்த ஐந்தடுக்குக் கோபுர வீடு (கோபுரம் போல உயர்த்திக் கட்டிய கோட்டை வீடு), சுவர் மட்டும் 3 மீட்டர் கனம், ஆனால் அண்ணாந்து பார்த்தால் வானம்தான். அதே ஸ்காட்லாந்தில் இருக்கும் ஸ்டாக்கர் கோட்டை மட்டும் கூரையோடு ஜம்மென்று நிற்கிறதே? இதற்கும் ஒன்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

கல்தச்சன்:
போட விட மாட்டார்கள். த்ரீவ் 1979 தொல்சின்னச் சட்டப்படி பாதுகாப்பு அட்டவணையில் ஏறிய தொல்சின்னம். ஒப்புதல் வாங்காமல் அதில் வேலை செய்வதே குற்றம். குடியிருக்கும் வீட்டை அந்த அட்டவணையில் சேர்க்க முடியாது, அதற்கு ஏ, பி, சி என்று தரம் பிரித்த கட்டடப் பட்டியல் தனியாக உண்டு, அனுமதி தருவது உள்ளூர் நிர்வாகம். அப்புறம், த்ரீவ் மழையில் கரைந்து இப்படி ஆகவில்லை. 1640இல் 13 வாரம் முற்றுகையிட்டுப் பிடித்தவர்கள், இனி யாரும் தங்கக் கூடாது என்றுதான் பாழாக்கினார்கள். கூரை போட்டால் அந்தக் கதையை மூடின மாதிரி.

பழையபஞ்சாங்கம்:
கதை சரி, ஆனால் ஸ்டாக்கரும் கூரை போய்ப் பாழாகக் கிடந்ததுதானே? 1965இல் ஒரு ராணுவ அதிகாரி கையில் வந்து, பத்து வருடம் போல வேலை பார்த்து நிமிர்த்தினார். 1997இல் ஸ்காட்லாந்தின் இன்னொரு பாழடைந்த கோட்டையான டியோரமை வாங்கியவர் அப்படிச் சீரமைக்கத்தான் கேட்டார், ஒப்புதல் கிடைக்கவில்லை. காலம் மாறினதும் நியாயமும் மாறிவிட்டது, எனக்கு இதில் பாதி சம்மதம்தான்.

சுண்ணாம்புக்காரி:
கூரை இல்லை என்றால் அப்படியே விட்டுவிட்டதாக அர்த்தமில்லை நண்பரே. மழைநீர் சுவர் உச்சி வழியாகத்தான் உள்ளே இறங்கும், அதனால் சில இடிபாடுகளில் உச்சியில் மண்ணும் புல்லும் பரப்பி வைப்பார்கள். பூச்சு சுண்ணாம்புக் காரையாகத்தான் இருக்க வேண்டும். போன நூற்றாண்டில் நல்லது செய்வதாக நினைத்து எத்தனையோ கோபுரங்களில் சிமென்ட் அடைத்தார்கள், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல்லே பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இப்போது அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலை.

ஊர்சுற்றி:
புல்லை வேண்டுமென்றே வைக்கிறார்களா! கவனிப்பே இல்லை என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தேன்.