தாத்தாவின் சி70 மோட்டாரைக் கஃபே ரேசராக மாற்றலாமா?

கேள்வி: சிப்புட் பேரன்

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவன். என் தாத்தா இங்குள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1974-இல் அவர் வாங்கிய ஹோண்டா சி70 மோட்டார், அவர் கண்மூடிய பிறகு 11 ஆண்டுகளாக எங்கள் வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருக்கிறது. விடியற்காலையில் அவர் பெரட்டுக்கு (வேலையாட்களைக் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) கிளம்பும்போது எழும் அந்த மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுத்தான் லயத்தில் பாதி வீடுகளில் அடுப்பு மூட்டுவார்கள் என்று பாட்டி இன்றும் சொல்வார்.

சென்ற மாதம் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றி உதைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய இருபதாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. பாட்டி அடுக்களையிலிருந்து ஓடி வந்து, ஒன்றும் பேசாமல் கொட்டகை வாசலில் நின்றார்.

என் ஆசை இதுதான். கைப்பிடியைத் தாழ்த்தி, பின் மட்கார்டை வெட்டி, கால்மறைப்பைக் கழற்றி, ஒற்றை இருக்கை வைத்து, கஃபே ரேசர் எனும் பந்தய வண்டித் தோற்றத்திற்கு அதைக் கொண்டுவர வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் நால்வர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கோலகங்சாருக்கு ஓட்டிச் சென்று, 1877-ஆம் ஆண்டில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று என்று காக்கப்பட்டுவரும் அந்தப் பால்மரத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். தாத்தா வாழ்நாள் முழுதும் கணக்கெழுதியது அந்த மரத்தின் வழிவந்த மரங்களுக்குத்தான் என்பதால், முதல் ஓட்டம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் மாமா வண்டியில் கை வைக்கவே கூடாது என்கிறார். அம்மாவுக்கோ, லாரிகள் ஓடும் சாலையில் இந்தக் கிழட்டு வண்டியா என்ற அச்சம். எந்த மாற்றங்கள் வண்டிக்குக் கேடு செய்யும்? இவ்வளவு பழைய வண்டியை இன்றைய சாலையில் எப்படிப் பாதுகாப்பாக ஓட்டுவது? வண்டியின் உரிமைப் பத்திரமான கிரான் இன்னும் தாத்தாவின் பெயரில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: தைப்பிங் பட்டறைக்காரர்

தம்பி, இருபது உதையில் கிளம்பியது அந்த இயந்திரத்தின் பெருமை. ஆனால் கிளம்புவதை வைத்து ஒரு வண்டி ஓட்டத் தகுந்ததா என்று முடிவு செய்யாதீர்கள். நிற்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பதினோரு ஆண்டு நின்ற வண்டியில் முதலில் திறக்க வேண்டியது முன் சக்கரப் பிரேக் டிரம், அதன்பின் பின் சக்கர டிரம். தோற்றத்தைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தூளை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. அந்தக் காலத்துப் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது; அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பிறகு ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை நுழைத்து நெம்பிப் பாருங்கள். அது பசையால் ஒட்டப்பட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பல ஆண்டுகள் கிடந்தால் பசை விட்டுப்போகும். ஓடும்போது பட்டை கழன்று டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் அப்படியே இறுகிவிடும். கனம் மிச்சமிருக்கிறது என்பதற்காகப் பழைய ஷூவைத் திரும்பப் போடாதீர்கள். சி70-க்கு ஷூ, கேபிள், பேரிங் எல்லாமே இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

அடுத்தது டயர். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் தயாரிப்பு எண் இருக்கும். நான்கு இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டும் வாரத்தையும் பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கங்கள் மட்டுமே இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர். டயரின் பூ, அதாவது வெட்டுவரிகள், எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் கல்லாகிப் போயிருக்கும்; மழை பெய்த தார்ச்சாலையில் அது பிடிக்காது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் காய்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஸ்போக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிப்பது நல்லது, மொத்தென்று ஒலிப்பது தளர்ந்தது.

இயந்திரத்தில் ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான் இருக்கிறது என்பதால் அதை அடிக்கடி பார்த்து, விரைவாகவே மாற்றிவிட வேண்டும். வால்வு இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். பிளக்கில் பொறி எழுப்பும் பாயிண்ட்டின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை. இவை சரியாக இருந்தால் அந்த 72 சிசி இயந்திரம் உங்களைக் கைவிடாது.

இப்போது நீங்கள் கேட்ட மட்கார்ட். இங்கேதான் பல இளைஞர்கள் தெரியாமல் தவறு செய்கிறார்கள். மற்ற மோட்டார்களில் பின் மட்கார்ட் என்பது குழாய்ச் சட்டத்தின் மேல் மறையால் முடுக்கிய தகடு. அதைக் கழற்றினாலும் சட்டம் சட்டமாகவே இருக்கும். சி70-இல் அப்படியில்லை. இருக்கைக்குக் கீழேயிருந்து பின் விளக்குவரை வரும் அந்த வளைந்த அழுத்துத் தகடுதான் வண்டியின் சட்டமே. பின் அதிர்வுத் தாங்கிகளின் மேல்முனையும் அதில்தான் பொருந்தியிருக்கிறது. அதை வெட்டினால் முதுகெலும்பையே வெட்டுகிறீர்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யின் ஒப்புதல் இல்லாமல் வண்டியின் கட்டமைப்பை மாற்றுவது சட்டப்படியும் குற்றம். சட்ட (சேசிஸ்) எண்ணும் இயந்திர எண்ணும் கிரானில் உள்ளபடி தெளிவாகத் தெரிகின்றனவா என்று இப்போதே பாருங்கள். பெயர் மாற்றத்திற்கு ஜேபிஜே அலுவலகத்திற்குப் போகும்போது அதுதான் முதல் கேள்வியாக இருக்கும். காலமானவரின் பெயரில் உள்ள வண்டி என்பதால் வாரிசு தொடர்பான ஆவணமும் கேட்பார்கள். இந்த வேலை முடிந்து, காப்புறுதியும் சாலை வரியும் உங்கள் பெயரில் வரும்வரை வண்டி பொதுச்சாலைக்கு வரக் கூடாது.

பதில் 2: ஈப்போ ஒற்றை இருக்கை

பட்டறை ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனாலும் தம்பியின் ஆசைக்காக ஒரு வார்த்தை பேச விரும்புகிறேன். பழைய வண்டியைத் தன் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப மாற்றுவதும் ஒரு மரபுதான். லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் 1938-இல் திறந்த ஏஸ் கஃபேயைச் சுற்றி 1950-களிலும் 60-களிலும் கூடிய கஃபே ரேசர் இளைஞர்கள் பணக்காரர்கள் அல்லர். டிரயம்ப் இயந்திரத்தை நார்ட்டன் சட்டத்தில் பொருத்தி அதை 'டிரைட்டன்' என்று அழைத்தவர்கள் அவர்கள். நம் நாட்டில் ஆர்ட் ஆஃப் ஸ்பீட் கண்காட்சிக்குச் சென்றால், கப்சாய் எனும் இதுபோன்ற சிறு மோட்டார்களைக்கூட எவ்வளவு அன்போடு செதுக்கியிருக்கிறார்கள் என்பதைக் காணலாம். எனவே மாமா சொல்வதுபோல் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எதைச் செய்தாலும் அரை நாளில் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாகச் செய்யுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. மறை முடுக்கிச் செய்வது சரி. வெட்டுவதும் பற்றவைப்பதும் வேண்டாம். ஒற்றை இருக்கையைப் பழைய இருக்கையின் கீல்களிலேயே பொருத்தலாம். வண்ணம், விளக்கு வளையம், கைப்பிடி உறை, கண்ணாடி என்று தோற்றத்தை மாற்ற வழிகள் ஏராளம்.

கைப்பிடியைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய வண்டியில் தாழ்ந்த கைப்பிடி வைத்தேன். கேபிள்கள் நீளமாகத் தெரிந்தது அழகாக இல்லையென்று குட்டையானவற்றை வாங்கிப் போட்டேன். நேராக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருந்தது. செம்பனைத் தோட்டத்து முனையில் இடப்பக்கம் முழுமையாகத் திரும்பியபோது ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு, நான் கையைத் திருப்பாமலேயே இயந்திரம் உறுமி வண்டி பாய்ந்தது. வாய்க்காலில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்றுமுதல் எந்தக் கைப்பிடி வைத்தாலும், இயந்திரம் ஓடும்போது கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிடியை வலக்கோடி முதல் இடக்கோடி வரை மெதுவாகத் திருப்பி, சத்தம் இம்மியளவும் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். முன் பிரேக் கேபிளும் எந்தக் கோடியிலும் விறைக்கக் கூடாது. சி70-இன் கைப்பிடியும் அழுத்துத் தகட்டால் ஆனது என்பதால், அதை மாற்றினால் வேகமானி, விளக்கு எல்லாவற்றிற்கும் புதிய இடம் தேட வேண்டிவரும். முதல் ஆண்டு அதைத் தொடாமல் விடுவது நல்லது என்பது என் கருத்து.

பதில் 3: கமுந்திங் அக்கா

தம்பிக்கு வணக்கம். நான் தாதியாகப் பணிபுரிகிறேன். 20 ஆண்டுகளாக வெஸ்பா ஓட்டுகிறேன். உங்கள் அம்மாவின் அச்சத்தை வயதானவர்களின் வழக்கமான கவலை என்று தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரோட்டிகளும் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்தவர்களும்தான்.

தலைக்கவசம் 1973 முதலே இங்கு கட்டாயம். பழைய வண்டிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சந்தையில் கிடைக்கும் பழைய பாணிக் கிண்ணக் கவசத்தைச் சிலர் வாங்குகிறார்கள். அதே பழைய தோற்றத்தில் தரச்சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை பெற்ற கவசங்களும் கிடைக்கின்றன. பட்டையை இறுக்கிக் கட்டிய பிறகு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். தலையிலிருந்து உருண்டு வந்தால் அது உங்கள் அளவு அல்ல. பட்டையைக் கட்டாமல் வந்து, கவசம் ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலுமாகக் கிடந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மோட்டாரோட்டிகள் பகலிலும் முன்விளக்கு எரியவிட வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. தம்பியின் வண்டி அதற்கு முந்தையது. 6 வோல்ட் விளக்கு, சந்திப்பில் நிற்கும்போது மங்கிப்போகும். மற்றவர் கண்ணில் நாம் பட வேண்டிய நேரமும் அதுதான். 12 வோல்ட்டுக்கு மாற்றுவது வெளியே தெரியாத வேலை. சுருள், மின்னழுத்தச் சீராக்கி, மின்கலம், விளக்குகள் அனைத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கஃபே ரேசருக்குச் செய்யும் செலவில் முதல் பங்கை இதற்குக் கொடுங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடும் அந்த ஒரு நொடியிலேயே ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுவோம். முன்னே போகும் புதிய கார் நம்மைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும். எனவே மற்றவர்கள் இரண்டு நொடி இடைவெளி விட்டால் நீங்கள் நான்கு நொடி விடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் இன்னும் தள்ளியே இருங்கள். உதிர்ந்த பழம் சக்கரத்தில் நசுங்கி எண்ணெய்ப் பசையாகப் படிந்திருக்கும். தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சாலையில் சேரும் இடத்தில், மழைக்குப் பிறகு முதல் பத்து இருபது மீட்டர் சேறாகவே இருக்கும். அங்கே பிரேக்கைத் தொடாதீர்கள், சாய்ந்தும் திரும்பாதீர்கள், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கால்மறைப்பைக் கழற்றினால் அந்தச் சேறு முழுவதும் உங்கள் முழங்காலுக்குத்தான் வரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கூட்டமாகப் போகும்போது மெதுவான வண்டி முன்னே போகட்டும். அனுபவசாலி ஒருவர் கடைசியில் வரட்டும்.

சிப்புட் பேரன்

மூவருக்கும் நன்றி. ஐயா, ஒரு சந்தேகம். நேற்று வீட்டுச் சந்தில் ஓட்டிப் பார்த்தபோது மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கினேன். பின் சக்கரம் கீச்சென்று இழுத்தது. கியர்ப்பெட்டியில் பழுதா?

தைப்பிங் பட்டறைக்காரர்

பழுது இல்லை, தம்பி, கால் பழகவில்லை. இந்த வண்டியில் கையில் கிளட்ச் கிடையாது. கியர் மிதியை அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் கிளட்ச் விடுபட்டிருக்கும். மிதியை விட்டதும் அது பிடித்துக்கொள்ளும். இறக்கும்போது டக்கென்று காலை எடுத்தால், இயந்திரத்தின் வேகம் சக்கரத்தின் வேகத்தோடு ஒத்துப்போகாமல் பின் சக்கரம் ஒரு கணம் இறுகி இழுபடும். காய்ந்த சந்தில் கீச்சென்றது. ஈரத் தாரில் அதுவே வண்டியைக் கவிழ்த்துவிடும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு மிதியை அழுத்தி, அழுத்தியபடியே ஆக்சிலேட்டரைச் சிறிது கொடுத்து, காலை மெல்ல விடுங்கள். காலித் திடலில் ஐம்பது முறை செய்தால் பழகிவிடும். அப்போதே முன் பிரேக்கையும் பழகிக்கொள்ளுங்கள். இன்றைய வண்டிகளில் முன் பிரேக்கைப் பிடித்தால் மூக்கு தாழும். இதில் முன் தாங்கியின் அமைப்பால் மூக்கு மேலே எழும்பும். புதியவர்கள் அதைக் கண்டு பயந்து கையை விட்டுவிடுகிறார்கள்.

சிப்புட் பேரன்

ஐயா, நேற்று முன் டிரம்மைத் திறந்தேன். ஈரத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை நுழைத்தேன். நெம்பவே தேவையில்லை, உராய்வுப் பட்டை தானாகவே என் கையோடு வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சக்கரங்களுக்கும் புதிய ஷூ சொல்லியிருக்கிறேன். டயரில் மூன்று இலக்கங்கள்தான் இருந்தன, அதையும் மாற்றுகிறேன். கோலகங்சார் ஓட்டத்தை, கிரான் மாறி வரும்வரை நண்பர்கள் தள்ளிவைத்துவிட்டார்கள். அதுவரை தமிழ்ப்பள்ளித் திடலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், மாலையில் கியர் பழகுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

கால்மறைப்பைக் கழற்றிக் கழுவியபோது, அதன் உட்புறத்தில் தாத்தா ஆணியால் கீறி வைத்திருந்த தேதிகளைப் பார்த்தேன். எண்ணெய் மாற்றிய நாள்கள், கணக்கேடு போல வரிசையாக இருந்தன. ஆகவே கால்மறைப்பு திரும்பவும் வண்டியில் ஏறுகிறது. மட்கார்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒற்றை இருக்கை மட்டும் வேண்டும். ஈப்போ அண்ணன், பழைய கீல்களின் அளவை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன். அதன் படத்தை இன்றிரவு தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.