அவ்ஃபுல் தூர் பிரித்து நட்டவர்கள் உதவுங்கள்

வணக்கம். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேயும் அவ்ஃபுல் பற்றி ஒரு உதவி வேண்டும். எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்பது இதன் தாவரவியல் பெயர். நீலகிரிக்கே உரிய புல், அதுவும் மேல்மலைச் சதுப்புகளில்தான் வளரும். சதுப்புகள் வடிந்து தேயிலையும் காய்கறியும் வந்த பிறகு, கூரை மாற்றத் தேவையான புல்லைச் சேர்ப்பதே தோடர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

உதகைக்கு மேற்கே எங்கள் நிலத்தின் தாழ்வான ஓரத்தில் சில தூர்கள் மிஞ்சியிருக்கின்றன. பழுப்புப் பொன்னிறத்தில் மயிரடர்ந்த கதிர், கையில் எடுத்தால் பட்டுப்போல இருக்கிறது. சுற்றியிருந்த சீகை (வாட்டில்) மரங்களை வெட்டிவிட்டோம். ஆனால் அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், மழை பெய்தால் போதும், கன்றுகள் கிளம்பிவிடுகின்றன. அதைப் பிடுங்கிக்கொள்வோம், சரி.

என் கேள்வி நடவு பற்றியது. தூரைப் பிரித்து நடுவதா, விதை சேர்த்து நாற்றங்கால் போடுவதா? ஜூன் மழைக்கு முன்னே நட்டால் டிசம்பர் உறைபனிக்குள் வேர் பிடித்துவிடுமா? எருமை மேய்ச்சலை முதல் வருடம் தடுக்க வேண்டுமா? இருக்கிற கொஞ்சத்தையும் இழந்துவிடக்கூடாது என்பதுதான் கவலை. செய்து பார்த்தவர்கள், குறிப்பாகத் தோட நண்பர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.