ஆன்லைன் டாக்குமென்டில் ஸ்வரம் தட்டெழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மல்லேசுவரத்திலிருந்து:

மகளின் பாட்டு மிஸ், தன் பழைய நோட்டில் இருக்கும் பாடங்களை ஆன்லைன் டாக்குமென்டாக ஆக்கித் தரச் சொன்னார். வகுப்பில் பாதிக் குழந்தைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், மற்றவர்களுக்குக் கன்னடம்தான். அதனால் இரண்டு எழுத்திலும் வேண்டும்.

ஆரம்பப் பயிற்சிகளான சரளி வரிசை, ஜண்டை வரிசை பெரிய தொந்தரவு இல்லை. ‘ஸ்ரீ கணநாத’ கீதத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மலஹரி ராகம், ரூபக தாளம். முதல் ஆவர்த்தனமே (தாளத்தின் ஒரு சுற்று) ‘ம ப | த ஸ ஸ ரி’. கடைசி மூன்றும் தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி, தலைக்கு மேல் புள்ளி வேண்டும். தமிழில் ஸ மேல் புள்ளி வைத்தால் அது ‘ஸ்’ ஆகிவிடுகிறது! பழகினவர்களுக்குப் பரவாயில்லை, புதிதாக எழுத்துப் படித்த குழந்தை அதை ‘இஸ்’ என்று வாசிக்கிறது. ரி இன்னும் மோசம். மேல்விலங்கு ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்க, புள்ளி போக இடமில்லை.

ஸ்பேஸ் தட்டித் தாளத்தை ஒழுங்குபடுத்துவது வீண் வேலை. கம்ப்யூட்டரில் நேராக நிற்கும் வரி போனில் மடங்கி, சாஹித்யம் (பாடல் வரி) எங்கோ போய்விடும். நான் அட்டவணைக்கு மாறிவிட்டேன். ஆவர்த்தனத்துக்கு ஆறு கட்டம். புள்ளிக்கென்று மேலே சின்ன எழுத்தில் தனி வரிசை, அதன் கீழ் ஸ்வரம், அதற்கும் கீழ் சாஹித்யம். கோடுகளை எல்லாம் வெள்ளையாக்கிவிட்டு, இரண்டாவது கட்டத்துக்கும் ஆறாவது கட்டத்துக்கும் அப்புறம் மட்டும் கறுப்பு விட்டேன். தாளத்தின் பகுதிகளான அங்கங்களின் கோடு தானாக வந்துவிட்டது. கன்னடத்துக்கு அதே அட்டவணையை நகலெடுத்து எழுத்தை மட்டும் மாற்றினால் போதும், புள்ளி வரிசை அப்படியே இருக்கும்.

அல்சூரிலிருந்து:

கீதம் வரைக்கும் சரி அக்கா, அதைவிட நீளமான வர்ணத்துக்கு அட்டவணை தாங்காது. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், ஒவ்வொன்றிலும் நாலு ஸ்வரம், மொத்தம் 32 கட்டம். பக்கத்தைப் படுக்கை வசமாகத் திருப்பினாலும் எழுத்து எறும்பு சைஸ்தான். இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகம்) மேற்கோடு வேறு வேண்டும். என் எடிட்டரில் அடிக்கோடு மட்டும்தான் உண்டு. அதையே போட்டால் மந்த்ர (கீழ்) ஸ்தாயிப் புள்ளியை விழுங்கிவிடுகிறது.

நான் ஆன்லைன் லேடெக்கில் செய்கிறேன், கட்டளைகள் எழுதிப் பக்கத்தை உருவாக்கும் மென்பொருள் அது. கம்பைலரை ஸீலேடெக் என்று மாற்றி, நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுத்துவிட வேண்டும். மேல் புள்ளி, கீழ்ப் புள்ளி, மேற்கோடு மூன்றுக்கும் ஆளுக்கொரு சின்னக் கட்டளை எழுதி வைத்திருக்கிறேன். புள்ளியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது நம் கையில், ரி கூடத் தெளிவாக வரும். அச்சில் பார்க்க அழகு. ஆனால் மிஸ் திறந்து ஒரு ஸ்வரத்தைத் திருத்த நினைத்தால் முடியாது, ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் போன் வரும். உங்கள் மிஸ் தானே திருத்துபவர் என்றால் அட்டவணையை விடாதீர்கள்.

ஃபிரேசர் டவுனிலிருந்து:

எங்களுக்கு ஐந்து கோட்டு ஸ்டாஃப் நோட்டேஷன், சர்ச் பாடகர் குழு. கர்நாடக சங்கீதத்தையே 1893இல் சின்னசாமி முதலியார் ஸ்டாஃப் நோட்டேஷனில் அச்சிட்டுவிட்டார், நமக்கென்ன என்று இறங்கினேன். லிலிபாண்ட் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் எழுதி, படமாக்கி, பாடல் வரிகள் இருக்கும் டாக்குமென்டில் ஒட்டுகிறேன். தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. அசை பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். ‘தோத்-தி-ரம்’ என்று பிரித்தால் மூன்று ஸ்வரத்தின் கீழ் ஒழுங்காக உட்காரும். ‘தோ-த்தி-ரம்’ என்று பிரித்தால் இரண்டாவது ஸ்வரத்தின் கீழ் புள்ளி வைத்த த் தலைநீட்டும், பாடுகிறவர் தடுமாறுவார்.

சுருதியை அரை ஸ்வரம் இறக்கச் சொன்னால் லிலிபாண்டில் ஒரே வரி வேலை. ஆனால் டாக்குமென்டில் ஒட்டிய படத்தையெல்லாம் மாற்ற வேண்டும். அதனால் ஒத்திகை முடியும் வரை நான் ஒட்டுவதே இல்லை.

மல்லேசுவரத்திலிருந்து:

அல்சூர் தம்பி, அந்த மூன்று கட்டளைகளையும் இங்கே போடுங்களேன். அடுத்த மாதம் மிஸ் வர்ணம் ஆரம்பிக்கிறார்.