தெற்கு ஜன்னலும் குரங்கு கடித்த திராட்சையும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து (டர்பன், தென்னாப்பிரிக்கா)

வீட்டில் கைவேலைக்கென்று ஓர் இடம் ஒதுக்கியவர்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. சரி, நானே தொடங்குகிறேன்.

எங்களுடையது 1960-களில் கட்டிய இரட்டை வீடு. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம். மாமனார் தவறிய பிறகு அவர் படுத்திருந்த சின்ன அறை காலியாக இருந்தது. எட்டடிக்குப் பத்தடி. நான் தஞ்சாவூர் படம் போடுவேன், கல்யாணச் சீர்த்தட்டு அலங்காரமும் செய்வேன். அதுவரை எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். பருப்பில் ஜிகினா மிதக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளித்தபோதுதான் அந்த அறையைக் கேட்டு வாங்கினேன்.

அறையில் வடக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல். நான் பார்த்த வீடியோக்களில் எல்லாரும் ஒரே வார்த்தை: வடக்கு ஜன்னலை ஒட்டி மேசையைப் போடு, நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் கிடைக்கும். வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் நல்லது என்று அத்தையும் சொன்னார். போட்டேன். அது டிசம்பர் மாதம், வெயில் உச்சந்தலையில் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் வந்தது. சூரியன் வடக்கே சாய்ந்து, ஜன்னல் வழியாக நேராக மேசைமேல் விழுந்தது. தங்கத்தாள் ஒட்டிய இடம் கண்ணைக் கூசியது. காலையில் கலந்த கிருஷ்ணர் நீலம் மதியம் வேறு நீலமாகத் தெரிந்தது. சாக் பவுடரும் கோந்தும் குழைத்து வைத்த புடைப்பு வேலை ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து, கிரீடத்திலிருந்து தோள் வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இரண்டு மாத உழைப்பு.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வீடு விற்கிறவன் 'வடக்குப் பார்த்த வீடு'ன்னு விலையை ஏத்துறது எதுக்குன்னு நினைச்சே? குளிர்காலத்துல வெயில் உள்ளே வரும்னுதானே!" என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்த வீடியோக்காரர்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே இருக்கிறவர்கள். டர்பன் அதற்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரி. இங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்குப் பக்கம்தான். அவர்கள் வடக்கு என்றால் நமக்குத் தெற்கு.

மேசையைத் திருப்பினேன். வெளிச்சம் சரியாகிவிட்டது, வேறு தலைவலி வந்தது. வெயில் படாத தெற்குச் சுவர் கோடை மழையில் ஈரம் கோத்துக்கொள்கிறது. அதில் சாய்த்து வைத்த பலகைகளின் முதுகில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. இப்போது சுவருக்கும் எதற்கும் நான்கு விரல் இடைவெளி விடுகிறேன். பலகைகள் படுத்துக் கிடப்பதில்லை, தட்டு அடுக்கும் கம்பித் தாங்கியில் காற்றாட நிற்கின்றன. இரவில் வேலை செய்ய மஞ்சள் பல்பை எடுத்துவிட்டுப் பகல் வெளிச்ச எல்.இ.டி. போட்டேன். டப்பாவில் சி.ஆர்.ஐ., அதாவது நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, 90-க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். குறைந்தால் சிவப்பும் அரக்கும் ஒன்றாகத் தெரியும்.

படத்தில் பதிக்கும் கற்களைப் போட்டு வைக்க முதலில் அச்சார் ஊறுகாய் பாட்டில்கள். எத்தனை தடவை கழுவினாலும் மாங்காய் வாடை போகவில்லை, அடியில் கிடக்கும் கல்லை எடுக்க மொத்தத்தையும் கவிழ்க்க வேண்டும். ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது மாமனாரின் மாத்திரைப் பெட்டி அகப்பட்டது, கிழமைக்கு ஓர் அறை வைத்தது. இப்போது திங்கள் சிவப்பு, செவ்வாய் பச்சை, புதன் வெள்ளை. வியாழனில் மட்டும் அவர் போடாமல் விட்ட ஒரு மாத்திரை இருந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை. வியாழனில் கல் போடுவதில்லை.

குரங்கு கதையை விட்டுவிட்டேனே. பெயிண்ட் வாடை போகட்டும் என்று தெற்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பர்க்ளர் கார்ட், அதாவது திருடன் நுழையாதபடி போட்ட ஜன்னல் கம்பி, இருக்கிறதே என்ற தைரியம். குட்டிக் குரங்குக்கு அந்தக் கம்பி இடைவெளி ராஜவாசல்! மறுநாள் கொடுக்க வேண்டிய சீர்த்தட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் திராட்சைக் குலையைப் பிய்த்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்தது. ஒன்றைக் கடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது, ஏமாற்றியவளைப் பார்க்கிற பார்வை. குலையை அப்படியே பக்கத்து வீட்டுத் துணிமேல் வீசிவிட்டுப் போனது. அடுத்த வாரமே சின்னக் கண் கம்பிவலை அடித்தாயிற்று.

டொங்காட்டிலிருந்து (டர்பனுக்கு வடக்கே)

அக்கா, வியாழன் அறையைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் தீபாவளிக்கு அகல்விளக்குகளில் அக்ரிலிக் வண்ணம் தீட்டி விற்கிறேன். இடம் கராஜில் ஒரு மூலை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. கனமானது கீழே இருக்கட்டும் என்று விளக்குப் பெட்டிகளைத் தரையில் வைத்திருந்தேன். அட்டைப்பெட்டி கூழாகிவிட்டது. சுட்ட மண் என்பதால் விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்ணம் தீட்டியவைதான் வீண். இப்போது முதல் தட்டே இடுப்பு உயரத்தில்தான்.

வெள்ளத்தைவிட அதற்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. குடிக்கவே லாரிக்குக் காத்திருக்கும்போது பிரஷ் கழுவ எங்கே போவது? மூன்று வாளி வைத்தேன். முதல் வாளியில் அழுக்கு போகும், இரண்டாவதில் அலசல், மூன்றாவது சுத்தம். முதல் வாளியை ஓர் இரவு ஆடாமல் விட்டால் வண்ணம் பெரும்பாலும் அடியில் சேறாகப் படியும். மேல்தண்ணீரை இறுத்து மறுபடி புழங்கலாம், சேறு காய்ந்ததும் குப்பைக்கு. தண்ணீர் திரும்ப வந்த பிறகும் அப்படியே செய்கிறேன். சாக்கடை அடைப்பதில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

எனக்கு அறையெல்லாம் கிடையாது. பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு, அதில்தான் காவடி கட்டுகிறேன். புழங்குகிற பொருள் மரமும் மூங்கிலும் என்பதால் ஈரமோ குரங்கோ பெரிய கவலை இல்லை. கவலை மயிலிறகுதான்.

தைப்பூசம் முடிந்து கட்டி வைத்தால் அடுத்த வருஷம் எடுக்கும்போது பாதி இறகு ஈர்க்குச்சியாக நிற்கும். எல்லாம் அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. ரசகற்பூரம் போட்டுப் பார்த்தேன், வாடை இறகில் ஏறி, காவடி எடுத்த பையனுக்குத் தும்மல் நிற்கவில்லை. பிறகு விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார்: காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் போடு, புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதே, ஒருநாள் அப்படியே விடு, இல்லாவிட்டால் இறகில் நீர் கோக்கும்.

இதைச் சொன்னதும் எங்கள் ஆயா சாமியாடாத குறை. முருகனுக்குப் போகிற இறகைக் கோழிக்கும் ஆட்டுக்கறிக்கும் நடுவில் வைப்பாயா என்று ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் வழியையும் அவரே சொன்னார். புரட்டாசி மாதம் நம் வீட்டில் யாரும் கறி தொடுவதில்லையே, ஃப்ரீசர் காலியாகத்தானே கிடக்கிறது? கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அப்போது வை.

எட்டு வருஷமாகப் புரட்டாசி முதல் சனிக்கிழமை இறகு உள்ளே போகிறது. பக்கத்தில் பட்டாணிக்குக்கூட இடம் கொடுப்பதில்லை ஆயா.